எதிர்மறை மதிப்புகளை நீக்கிவிடலாமா?

வணக்கம்,

பாறை அடுக்குகள் மடிந்திருக்கும் பகுதி ஒன்றில் எடுத்த சுண்ணாம்புக்கல்லின் தின் செக்‌ஷனில் (நுண்ணோக்கியில் பார்க்க மெல்லியதாகச் சீவிய துண்டு) கால்சைட் கனிமத்தின் இரட்டைப்படிகப் பட்டைகளை அளந்து, குரோஷாங் முறையில் திரிபு, அதாவது கல் எவ்வளவு உருமாறியது என்று கணக்கிடும் மென்பொருளில் போட்டேன். 3 சதவீதம் சுருங்கியிருப்பதாக வந்தது. ஆனால் அளவீடுகளில் 44 சதவீதம் எதிர்மறை என்கிறது. அவற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் முடிவு சுத்தமாக இருக்கிறது. அப்படிச் செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து நீக்காதீர்கள். உங்கள் அளவீடுகளிலேயே முக்கியமான செய்தி அந்த 44 சதவீதத்தில்தான் இருக்கிறது.

அழுத்தத்தில் கால்சைட் இரட்டையாகும்போது அணு அடுக்குகள் குறிப்பிட்ட தளத்தில் ஒரே பக்கமாகத்தான் சறுக்கும், எதிர்ப்பக்கம் சறுக்கவே சறுக்காது. இரட்டையான பட்டைக்குள் சறுக்கின் அளவும் மாறாதது, 0.694. அதனால் பட்டைகளின் மொத்தத் தடிமனைப் படிகத்தின் அகலத்தோடு ஒப்பிட்டாலே அந்தப் படிகம் எவ்வளவு சறுக்கியது என்று தெரிந்துவிடும். 1972இல் நிலவியலாளர் குரோஷாங் இதை வைத்துத்தான் முறையை உருவாக்கினார். மென்பொருள் எல்லாப் படிகங்களுக்கும் சேர்த்து ஒரே திரிபைப் பொருத்திவிட்டு, இந்தத் திரிபில் ஒவ்வொரு தளமும் எந்தப் பக்கம் சறுக்கியிருக்கும் என்று திரும்பிப் பார்க்கிறது. நடக்கவே முடியாத பக்கம் என்று வந்தால் அது எதிர்மறை. அதாவது, அந்தப் பட்டை அந்த ஒரு நெருக்கலில் உருவானதாக இருக்க முடியாது.

கொஞ்சம் எதிர்மறை எப்போதும் வரும், பக்கத்துப் படிகங்கள் நெருக்குவதே அதற்குப் போதும். 40 சதவீதத்தைத் தாண்டினால், கல் வேறு திசையில் இன்னொரு முறையும் நெருக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஒத்துவராததை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் ஒத்துப்போகத்தானே செய்யும்! விலகல் மிக அதிகமான 20 சதவீதத்தைக் கழிக்கும் வழக்கம் உண்டுதான், ஆனால் அது விலகலைப் பார்த்துக் கழிப்பது, குறியைப் பார்த்து அல்ல.

முதலில் யுனிவர்சல் ஸ்டேஜில் (நுண்ணோக்கியில் தின் செக்‌ஷனைப் பல பக்கம் சாய்த்துத் தளங்களின் திசையை அளக்கும் மேடை) சாய்வை இடம் வலம் மாற்றிப் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அந்த ஒரு பிழையே குறியைப் புரட்டிவிடும். அது சரியென்றால் நேர்மறை, எதிர்மறை இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக ஓட்டுங்கள். கிடைக்கும் இரண்டு சுருக்கத் திசைகளையும் படுகைத் தளத்தோடும் (கல் அடுக்காகப் படிந்த தளம்) மடிப்பின் அச்சோடும் வைத்துப் பாருங்கள். ஒன்று படுகைக்கு இணையாக இருந்தால், மடிவதற்கு முன்பே நடந்த நெருக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் பட்டைகளின் தடிமன். 1 மைக்ரானுக்கும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் 170 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருவானவை, 5 மைக்ரானுக்கு மேல் தடித்தவை 200 டிகிரிக்கு மேல். ஒரு குழுவில் மெல்லியதும் மற்றதில் தடித்ததும் அதிகமாக இருந்தால், இரண்டு நெருக்கலும் வெவ்வேறு வெப்பநிலையில் நடந்தவை என்று சொல்ல உங்களிடம் தனிச் சான்று இருக்கும்.