ரோம் நகரைக் குறைந்த செலவில் இருவராகச் சுற்றிப் பார்க்க: கேள்வி பதில்

நண்பரோடு ரோம் போகத் திட்டமிடும் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அந்த ஊரை எனக்கு நன்றாகத் தெரியும், சிக்கனமாகச் சுற்றித்தான் பழக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரோமின் மிக நல்ல விஷயங்களில் பெரும்பகுதிக்குக் கட்டணமே கிடையாது. அதனால் காசை எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தாமல், தங்கும் இடத்துக்கும் இரண்டே இரண்டு நுழைவுச்சீட்டுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

அக்கா, நானும் என் கல்லூரித் தோழியும் நான்கு நாள் போகிறோம். விமானம், விசா தவிர ஆளுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்? (சென்னை)

அறையைப் பகிர்ந்துகொண்டால் ஒரு நாளைக்கு ஆளுக்கு 90 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பாதிக்கு மேல் அறைக்கே போய்விடும். ஹாஸ்டலில் தங்கினால் இன்னும் குறையும். அறை வாடகை தவிர நகராட்சி வரி என்று ஒன்று உண்டு. மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. முன்பதிவில் காட்டும் விலையில் பெரும்பாலும் இது சேராது, அங்கே போனதும் கேட்பார்கள். இருவருக்கு நான்கு இரவு என்றால் 48 யூரோ, சின்னத் தொகை இல்லை.

விசாவுக்கு 90 யூரோ கட்டணம், அதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போவதாக இருந்தால் நேர்காணல் நாள் கிடைப்பதே பெரும்பாடு, தள்ளிப்போடாதீர்கள்.

கொலோசியம் டிக்கெட்டை ஒவ்வொரு தளமும் ஒரு விலைக்கு விற்கிறது. எங்கே வாங்குவது சார்? (மதுரை)

நான் சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். சாதாரணச் சீட்டு 18 யூரோ. கொலோசியம், பக்கத்தில் இருக்கும் ஃபோரம் (பண்டைய ரோமின் பொதுச் சதுக்கம்), பாலத்தீன் குன்று மூன்றுக்கும் சேர்த்து அதுதான். பார்க்கும் நாளுக்கு முப்பது நாள் முன்புதான் விற்பனை தொடங்கும், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். காலண்டரில் அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். சீட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போகணும்.

மாதத்தின் முதல் ஞாயிறு அன்று இலவசம். ஆனால் அன்று முன்பதிவு கிடையாது, வரிசை வளைந்து வளைந்து போகும். நான்கு நாளில் அரை நாளை வரிசைக்குக் கொடுப்பது லாபமா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் 18 யூரோ கொடுத்துவிட்டுக் காலையிலேயே உள்ளே போய்விடுவது நல்லது. வத்திக்கான் அருங்காட்சியகத்திலும் இதே கதைதான்: மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம், பகல் 12.30க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள், கூட்டம் நெரியும். மற்ற ஞாயிறுகளில் திறக்கவே மாட்டார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஃபோரம் வெறும் உடைந்த கல்தானே, அதற்கு எதற்கு நேரம் என்கிறான் என் நண்பன். அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது? (தஞ்சாவூர்)

அவரிடம் மிளகைப் பற்றிச் சொல்லுங்கள். ஃபோரத்தின் நடுவே போகும் பழைய வீதிக்குப் பெயர் சாக்ரா வியா. அதன் ஓரத்தில் மூன்று பிரம்மாண்டமான வளைவுகளோடு நிற்கிறதே, அது மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பொது மண்டபம், 4ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அது எழுந்த இடத்தில் அதற்கு முன் இருந்தவை மிளகுக் கிடங்குகள். முதலாம் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசர் காலத்தில் கட்டியவை. அந்த மிளகு எங்கிருந்து வந்தது? சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கப்பல் சரக்கு போய்ச் சேர்ந்த ஊர் இதுதான். நம் கரையில் ஏற்றிய மூட்டை இறங்கிய தெருவில் நிற்கிறோம் என்று தெரிந்தபின் அதை யாரும் வெறும் கல் என்று சொல்லமாட்டார்கள்.

ஒரு யோசனை: உள்ளே போவதற்கு முந்தைய நாள் மாலை, கேப்பிட்டோலின் குன்றில் நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம் போய் நில்லுங்கள். ஃபோரம் முழுவதும் கீழே விரிந்து தெரியும், கட்டணம் இல்லை. எந்தத் தூண் எங்கே என்று அங்கேயே பார்த்து வைத்துக்கொண்டால் மறுநாள் தடுமாற வேண்டாம்.

இலவசமாகப் பார்க்கக் கூடியவற்றில் தவறவிடவே கூடாதது எது? (கொழும்பு)

தேவாலயங்கள். இதைச் சொல்லாமல் ரோமைப் பற்றி என்னால் பேசவே முடியாது. வேறு ஊரில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துக் காசு வாங்கும் தரத்தில் உள்ள ஓவியங்கள் இங்கே அவை வரைந்து மாட்டிய சுவரிலேயே இருக்கின்றன.

காலை எட்டரைக்கெல்லாம் பியாட்சா டெல் போபோலோ சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்கே சாண்டா மரியா டெல் போபோலோ தேவாலயத்தில் கரவாஜியோ என்ற ஓவியரின் இரண்டு ஓவியங்கள். குதிரையிலிருந்து விழுந்து கைகளை விரித்துக் கிடக்கும் பவுல் அதில் ஒன்று. அப்புறம் தெற்கே நடந்தால் சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசி. மத்தேயுவின் வாழ்க்கையைச் சொல்லும் மூன்று கரவாஜியோ ஓவியங்கள், 1600ஐ ஒட்டி வரைந்தவை. பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியை அவர் எப்படி வரைந்திருக்கிறார் என்று நிதானமாக நின்று பாருங்கள். இருட்டாக இருந்தால் அங்கே ஒரு பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், சில்லறை வைத்திருங்கள். இரண்டு நிமிட நடையில் சாந்த் அகோஸ்தினோ, அங்கே இன்னொரு கரவாஜியோ ஓவியம்.

அடுத்தது பாந்தியன், பழைய ரோமானியக் கோயில். இதற்கு மட்டும் 2023 முதல் 5 யூரோ வாங்குகிறார்கள், தயங்காமல் கொடுங்கள். இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடம், விட்டம் 43 மீட்டர், ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. அதன் பின்னால் உள்ள சதுக்கத்தில் தூணைச் சுமக்கும் குட்டி யானைச் சிலை, பெர்னினி வடிவமைத்தது. பக்கத்திலேயே சாந்த் இக்னாசியோ. மேலே பார்த்தால் பெரிய குவிமாடம் தெரியும், உண்மையில் அது தட்டையான பரப்பில் தீட்டிய ஓவியம்.

கடைசியாக ஜேசு தேவாலயம். புனித சவேரியாரின் வலது முன்கை அங்கேதான் இருக்கிறது. உடல் கோவாவில், கை ரோமில். முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அதன் முன் கண்கலங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பல தேவாலயங்கள் நண்பகலில் மூடி மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், பையில் ஒரு துப்பட்டா போதும். புனித பேதுரு பேராலயமும் இலவசம்தான். காலை ஏழு மணிக்குத் திறக்கும்போதே போனால் வரிசை குறைவு. மைக்கேலாஞ்சலோ இருபத்து சொச்சம் வயதில் செதுக்கிய பியத்தா (இயேசுவின் உடலை மடியில் ஏந்திய மரியாளின் சிலை) நுழைந்ததும் வலப்பக்கம்.

நாங்கள் இருவரும் சைவம். ரொட்டியை மென்றே நாட்களை ஓட்டணுமா? (கோயம்புத்தூர்)

வேண்டவே வேண்டாம். சதுர சதுரமாக வெட்டி எடை போட்டு விற்கும் பீட்சா கடைகள் ஊர் முழுக்க உண்டு. உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது எனக்கு மிகப் பிடிக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டித் தருவார்கள், இருவரும் நாலைந்து வகையைப் பங்கு போட்டுச் சாப்பிடலாம். காச்சோ எ பெப்பே என்பது சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. ஆனால் அந்தச் சீஸில் பாலைத் திரிய வைக்க விலங்கிலிருந்து எடுத்த ரெனட் இருக்கும், கண்டிப்பான சைவர்கள் தவிர்க்கணும். கார்போனாரா, அமாத்ரிச்சானா என்ற பாஸ்தாக்கள் இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு. வசந்த காலத்தில் போனால் யூதர் குடியிருப்புப் பகுதியில் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காயை முழுதாக மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள், விட்டுவிடாதீர்கள்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் விலை வேறு. குடிநீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், தெருவோரக் குழாய்களில் நாள் முழுக்க ஓடும் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும். டெர்மினி ரயில் நிலையம் அருகே எஸ்க்விலினோ சந்தையில் வெண்டைக்காயும் பச்சை மிளகாயும்கூடக் கிடைக்கும்.

டெர்மினி ரயில் நிலையம் பக்கத்தில் அறை விலை குறைவு. இரண்டு பெண்கள் தங்கலாமா? (திருச்சி)

தங்கலாம். நிலையத்தை ஒட்டிய தெருக்களை மட்டும் விட்டுவிட்டு, சாண்டா மரியா மஜ்ஜோரே பேராலயம் பக்கமோ மோன்டி பகுதியிலோ பாருங்கள். கொலோசியத்துக்கு நடந்தே போய்விடலாம். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று போனால் மிச்சம் பிடித்தது பஸ்ஸிலும் அலுப்பிலும் போய்விடும். இரண்டு தனிக் கட்டில் வேண்டும் என்பதை முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வருவது, ஊருக்குள் பஸ், இதற்கெல்லாம்? (பெங்களூரு)

ஃபியுமிசினோவிலிருந்து டெர்மினிக்கு நேர் ரயில் 14 யூரோ. டெர்மினிக்குப் போகாமல் டிராஸ்தெவெரே வழியாகப் போகும் சாதாரண ரயில் 8 யூரோ. பஸ் அதைவிடக் குறைவு. ஊருக்குள் ஒரு சீட்டு 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோவில் ஒரு தடவைதான். காகிதச் சீட்டாக இருந்தால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், இல்லையென்றால் அபராதம் ஐம்பது யூரோவைத் தாண்டும். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், ஜேப்படிக்காரர்களுக்குப் பிடித்த பஸ் அது.

எனக்கு வரலாறு, அவளுக்குக் கடைவீதியும் போட்டோவும். சண்டை வராமல் எப்படி? (சேலம்)

நான் பார்த்தவரை இருவர் பயணத்தில் சண்டை வருவது பசியாலும் கால்வலியாலும் கணக்காலும்தான், ரசனையால் அல்ல. தினமும் காலையில் இருவரும் சமமாக ஒரு தொகையைத் தனிப் பர்ஸில் போடுங்கள், பொதுச் செலவெல்லாம் அதிலிருந்து. யார் காபிக்கு யார் கொடுத்தார்கள் என்ற பேச்சே எழாது. மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் சாப்பாடு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் பிற்பகலைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போங்கள், மனத்தாங்கல் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. மாலை சந்திக்கும்போது சொல்வதற்கு இருவரிடமும் கதை இருக்கும். ஸ்பானியப் படிகளில் சந்திப்பதாக இருந்தால் நின்றே காத்திருங்கள், உட்கார்ந்தால் அபராதம்.

ஆகஸ்டில்தான் விடுமுறை கிடைக்கிறது. போகலாமா? (துபாய்)

வேறு வழியே இல்லையென்றால் போங்கள். வெயில் கடுமை. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிக் குடும்பமாக நடத்தும் சின்ன உணவகங்கள் பல மூடிவிடுவார்கள், சுற்றுலாப் பயணிகளுக்கான விலை உயர்ந்த கடைகளே மிஞ்சும். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை சுற்றிவிட்டு, மதியம் அறையில் தூங்கி, ஐந்து மணிக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். நவம்பருக்கோ பிப்ரவரிக்கோ விடுமுறையை மாற்ற முடிந்தால் அறை வாடகையில் நல்ல மிச்சம், கூடவே ஒரு குடை வாங்கிக்கொள்ளுங்கள்.