குடியாத்தத்து அப்பாவுக்கு: பயோகெமிஸ்ட்ரி சேர்க்கலாமா?

ஐயா, வணக்கம். “பக்கத்து வீட்டுப் பொண்ணு நர்சிங் சேர்ந்துட்டா, இவ மட்டும் பயோகெமிஸ்ட்ரின்னு ஒத்தக்கால்ல நிக்கிறா” என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். தறி நெய்து படிக்கவைக்கிற வீட்டில் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் உங்கள் மகள் தன் பெரியப்பாவின் மூளைக்கட்டி ரிப்போர்ட்டில் ‘ஐடிஹெச்-1’ என்பதைப் பார்த்து, அது என்னவென்று தானே தேடிப் படித்தவள். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐடிஹெச்-1 ஒரு என்சைம், அதாவது உடலின் ரசாயன மாற்றங்களை நடத்தும் புரதம். செல்லுக்குள் ஐசோசிட்ரேட்டை ஆல்பா-கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றுவது அதன் வேலை. அந்தப் புரதத்தைக் கோத்திருக்கும் அமினோ அமிலங்களில் 132-ஆவது மாறிவிட்டால், 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேறொரு பொருளை உண்டாக்கத் தொடங்கிவிடும். அது சேரச் சேர, டிஎன்ஏ மேலுள்ள குறிகளைத் துடைக்கிற என்சைம்கள் முடங்குகின்றன. முதிர வேண்டிய செல் முதிராமலே பெருகுகிறது. பாவில் ஓர் இழை தப்பினால் துணி நெடுகக் கோடு விழுவதை நீங்கள் பார்க்காததா!

மூளைக்கட்டியில் இந்த மாற்றம் தெரியவந்தது 2008-ல். அந்த என்சைமைத் தடுக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2024-ல். நடுவில் 16 வருஷம். ஆராய்ச்சி அப்படித்தான் நகரும். பிஎஸ்சி மூன்று வருஷம், எம்எஸ்சி இரண்டு, பிஎச்டி ஐந்தாறு. எம்எஸ்சி அளவில் எழுதும் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறிவிட்டால், பிஎச்டியின் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. அதுவரை வீடு தாங்க வேண்டும்.

ஆகவே முதலில் வீட்டில் பேச வேண்டியது, 21 வயதில் அவள் சம்பளம் கொண்டுவந்தே ஆக வேண்டுமா என்பதுதான். ஆமாம் என்றால் பிஎஸ்சி எம்எல்டி (மருத்துவ லேப் டெக்னாலஜி) பாருங்கள், மனம் கோணாமல் சொல்கிறேன். கட்டித் துண்டில் அதே ஐடிஹெச்-1 மாற்றம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்ப்பதும் லேபில்தானே.

பொறுக்க முடியுமென்றால் பயோகெமிஸ்ட்ரியே சேருங்கள். மூன்றாம் வருஷத்தில் எம்எஸ்சி சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடி, ஐஐஎஸ்சி கதவு திறக்கும். அதில் இவள் எழுதக்கூடிய பயோடெக்னாலஜி தாளில் கணக்கும் இயற்பியலும் வரும், இப்போதே விட்டுவிட வேண்டாம்.

வேலூரோ காட்பாடியோ, எந்தக் கல்லூரியானாலும் ஃபீஸ் கட்டுமுன் அவளைக் கூட்டிப்போய் லேபைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்களே பிப்பெட் பிடிக்கிறார்களா, இல்லை பார்த்து எழுதுவதோடு சரியா என்று அவளே அங்கு படிக்கும் அக்காக்களிடம் கேட்கட்டும்.