வாசகர் கேள்வி பதில்: கல்லில் அரைக்கும் கடுகு விழுது

பிரான்சில் பர்கண்டிப் பக்கம் பழைய முறையில் திராட்சைக்காய்ச் சாறு விட்டுக் கல்லில் அரைக்கும் கடுகு விழுதை வீட்டில் செய்ய ஆசை. மிக்ஸியில் முயன்றேன், வெறும் கசப்பு, நெடியே இல்லை. ஏன்?
- வாசகி, கொடைக்கானல்

மிக்ஸியில் கடுகு சூடாகியிருக்கும். முழுக் கடுகில் நெடி கிடையாது. அது ஈரத்தோடு அரைபடும்போது மைரோசினேஸ் என்ற நொதி கடுகிலுள்ள சினிகிரின் என்ற பொருளை உடைக்கும். மூக்கில் ஏறும் எண்ணெய் அப்போதுதான் பிறக்கும். சூடு பட்டால் நொதி செத்துவிடும், கசப்பு தங்கிவிடும். தாளித்த கடுகு மூக்கில் ஏறாததும், ஆவக்காயில் போடும் பச்சைக் கடுகுப்பொடி ஏறுவதும் இதனால்தான்.

அங்கே அரைப்பதும் நம் மளிகைக் கடைக் கடுகின் இனம்தான். விதைக்கடைக் கடுகு வேண்டாம், மருந்து கலந்திருப்பார்கள். பிரம்மதண்டு என்ற நச்சுக்களையின் விதை கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்: அது சொரசொரப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே வெள்ளை. கடுகு வழுவழுப்பு, உள்ளே மஞ்சள்.

100 கிராம் கடுகை 100 மில்லி திராட்சைக்காய்ச் சாறு, 50 மில்லி குளிர்ந்த நீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். ஊறாத கடுகு அம்மியில் நிற்காது, சிதறி ஓடும். ஊறிய நீரோடு கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள், ஆட்டுக்கல்லும் ஆகும். புதிதாகக் கொத்திய கல்லென்றால் முதலில் ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டிவிடுங்கள், இல்லையேல் விழுதில் மணல் கடிக்கும். வழவழப்பாக வேண்டுமானால் எவர்சில்வர் சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கலாம். அளவு குறையும், எங்களுக்குத் தோலோடு இருப்பதே பிடிக்கும்.

உடனே வினிகர் ஊற்றாதீர்கள். புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கு அரை மணி நேரம் மூடி வைத்து, நெடி ஏறியபின் 30 மில்லி வினிகரும் 6 கிராம் உப்பும் கலந்தால் அது அடங்காமல் நிற்கும். கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில், வெயில் படாமல் பத்து நாள் வையுங்கள். முதல் நாள் எப்படி அரைத்தாலும் கசக்கும். ருசி பார்த்துவிட்டுக் கொட்டியிருந்தீர்களானால் நஷ்டம்தான். மேலே நீர் பிரிந்து நின்றால் அரைத்தது போதவில்லை.

திராட்சைக்காய்க்கு எங்கே போவது? ஒயின் ஊற்றினால் போதாதா?
- வாசகர், பெருமாள்மலை

போதும். 2009-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு பெற்ற பர்கண்டிக் கடுகு விழுதே உள்ளூர்க் கடுகும் உள்ளூர் வெள்ளை ஒயினும் சேர்ந்ததுதான். காய்ச் சாறு அதற்கும் முந்தைய பழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் தெரிந்த தோட்டக்காரர் இருந்தால், கல்லுப்போல் இருக்கும் பருவத்திலேயே கேட்டு வாங்குங்கள். நெகிழத் தொடங்கினால் இனிப்பு ஏறிவிடும். மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்பது முக்கியம். கழுவி, இடித்து, துணியில் பிழிந்து அன்றே பயன்படுத்துங்கள். வைத்தால் நொதித்துவிடும், மீந்ததை ஃப்ரீசரில் உறையவிடலாம்.

மலைப்பூண்டு சேர்க்கலாமா?
- வாசகி, பூம்பாறை

சேர்க்கலாம், ஆனால் ஜாடி முழுவதிலும் வேண்டாம். தேவைக்கு எடுத்த விழுதில் ஒரு பல் நசுக்கிப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். புளிப்பில் பூண்டு சில சமயம் பச்சையாக மாறும். அது பூஞ்சணம் இல்லை, சாப்பிடலாம்.