ஒரே குனிவுக்கு இரண்டு தீர்ப்புகள்

வணக்கம். எட்டு மாத இடுப்புவலிக்கு மும்பையின் மாட்டுங்காவில் பார்த்த இயன்முறை மருத்துவர் நீங்கள் குனியும்போது இடுப்பின் அசைவைச் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்றும், செம்பூரில் பார்த்தவர் அதே அசைவு சரியாக இருக்கிறது என்றும் கூறியதாக எழுதியிருந்தீர்கள். அதைக்கொண்டு ஒருவர் திறமையற்றவர் என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணால் பார்த்து மதிப்பிடும் சோதனைகளில் இவ்வேறுபாடு அடிக்கடி நேர்வதுதான்.

இருவருடைய மதிப்பீடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை ஆய்வாளர்கள் காப்பா என்னும் எண்ணால் அளக்கிறார்கள். 1960-இல் ஜேக்கப் கோஹன் வகுத்த அந்த அளவு தற்செயலான ஒற்றுமையைக் கழித்துவிடுவதால், 1 என்பது முழு உடன்பாட்டையும் 0 என்பது குருட்டாம்போக்கில் சொல்வதற்கு மேல் எதுவும் இல்லை என்பதையும் குறிக்கும். வலி எழுகிறதா என்று கேட்டறியும் சோதனைகளில் பொதுவாக உடன்பாடு கூடுதல். ஒவ்வொரு முள்ளெலும்பின் அசைவையும் விரலால் தடவி உணரும் சோதனையில் அது மிகக் குறைவு, ஆகவே அதை மட்டும் நம்பிச் செலவு செய்ய நான் தயங்குவேன்.

நேரமும் முக்கியம். இரவு முழுவதும் படுத்திருந்தபின் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரேறி உப்பியிருப்பதால் காலையில் குனிவது கடினம். லோக்கல் ரயிலில் நின்றபடி வந்த மாலையில் அதே முதுகு வேறுவிதமாக நடந்துகொள்ளும். எனவே ஒரே மருத்துவரிடம், ஒரே வேளையில், குனிந்த நிலையில் விரல்நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ இச்சோதனைகளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.