இருட்டு பீட்: கேட்டீங்க, சொல்றேன்

பெரம்பூர் தம்பி: அண்ணா, அண்டர்கிரவுண்ட் ராப் பாட்டுக்கு அடியில் ஓடும் பீட் இருட்டாகக் கேட்க மைனர் ஸ்கேல்தானே காரணம்?

அது பாதிதான் தம்பி. நம் நடபைரவி ராகத்தின் சுரங்கள்தான் மேற்கத்திய நேச்சுரல் மைனர் ஸ்கேல். ஸட்ஜத்தை ஒட்டி நிற்கும் தோடி ராகத்தின் ரிஷபத்தைத் தொட்டால் பதற்றம் இன்னும் கூடும். ஆனால் கச்சேரியில் தோடி கேட்டு யாரும் பயப்படுவதில்லையே! மீதியைச் செய்வது ஒலியின் அழுக்கு. 1987-ல் வந்த எஸ்பி-1200 ஒரு 12 பிட் சாம்ப்ளர், அதாவது பழைய பாட்டிலிருந்து துண்டு (சாம்பிள்) பதிந்து வாசிக்கும் மெஷின். அதில் மொத்தமே 10 நொடி சொச்சம்தான் பதியலாம். இடத்தை மிச்சம் பிடிக்க 33 ஆர்பிஎம் ரெக்கார்டை 45-ல் வேகமாக ஓட்டிப் பதிந்துவிட்டு, மெஷினுக்குள் பிட்சை (சுருதியை) இறக்கினார்கள். அப்போது ஏறிய சொரசொரப்புதான் 90-களின் நியூயார்க் ராப் சத்தம். எனக்கு அது உயிர்.

வேளச்சேரி: என் பேஸ் போனில் கேட்பதே இல்லை.

பேஸின் 40, 50 ஹெர்ட்ஸ் அடி ஒலி போன் ஸ்பீக்கரில் வராது. ஒலியை லேசாகக் கரகரக்க வைக்கும் சாச்சுரேஷன் கொஞ்சம் போடுங்கள், அதே சுரத்தின் மேல் ஹார்மோனிக்ஸ் கேட்கும். சரி, அடுத்தது.

ராயபுரம்: சோகமான சாம்பிளைத் தேடித்தான் எடுக்கணுமா?

வேண்டாம். நியூயார்க் ராப் ஜோடி மாப் டீப்பின் 1995 பாட்டு ‘ஷுக் ஒன்ஸ் பார்ட் 2’ கேளுங்கள். அந்த மிரட்டலுக்கு அடியில் இருப்பது ஹெர்பி ஹான்காக்கின் 1969 ஜாஸ் ஆல்பத்தில் வரும் மென்மையான பியானோ. அதை வெட்டி, பிட்சை மாற்றி ஆளே தெரியாமல் ஆக்கிவிட்டார் அந்த ஜோடியில் ஒருவரான ஹாவக். எங்கிருந்து எடுத்தார் என்பது ரசிகர்களுக்குப் பல வருஷம் பிடிபடவில்லை. அழகான இடத்தை எடுத்து, அதில் ரெண்டே சுரத்தை மட்டும் சுற்றவிட்டுப் பாருங்கள். முடிவுக்கு வராமல் சுற்றுவதுதான் மனதைப் பிசையும்.

வியாசர்பாடி தங்கச்சி: இதெல்லாம் அமெரிக்கா அண்ணா. நம்ம ஊருக்கு ஒட்டுமா?

நல்லாவே ஒட்டும்மா. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுகிற மரண கானா நம்மிடம் இருக்கிறதே! துக்கத்தைத் தாளத்தில் வைப்பது வடசென்னைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018-ல் மேடையேறிய சென்னை இசைக்குழு தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ஒன்றாகவே நிறுத்திக் காட்டியது. பறையை அலங்காரத்துக்குத் தூவாதே. ஒரே ஒரு அடியைப் பதிந்து, பிட்சை இறக்கி, கிக் டிரம் அடி இருக்கும் இடத்தில் வை. வேகம் நிமிஷத்துக்கு 85, 90 அடி (பிபிஎம்) போதும். நம் வினைச்சொற்கள் நீளம், மூச்சு விட இடம் வேண்டும். அப்புறம், நீ பாடும்போது மெலடியை ம்யூட் செய்துவிடு. வெறும் டிரம்மும் பேஸும் உன் குரலும் இருக்கட்டும்.