ஆச்சியைக் கேளுங்கள்: தள்ளுவது இருக்கட்டும், தூக்குவது எத்தனை தடவை?

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. மகனுக்கு 7 மாதம், 8 கிலோ இருக்கிறான். வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. இங்கே நானும் மாமியாரும்தான். பால், காய்கறி, மருந்துக்கடை, தடுப்பூசி என்று தினமும் ஒரு வேலையாவது வெளியே இருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பையையும் தூக்கி இடுப்பு விட்டுப்போகிறது. வாரம் ஒருமுறை தேவகோட்டையில் அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் போய் வருவேன். சின்னதாக, மடக்குகிற மாதிரி ஒரு ஸ்ட்ரோலர் வாங்க நினைக்கிறேன். 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது. வாசலில் ஆறு படி. மாமியாருக்கு முழங்கால் வலி. செல்போனில் பார்த்தால் நூறு வண்டி வருகிறது. எதை எடுப்பது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஆத்தா, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஆறு படிதான். விலையைப் பிறகு பேசுவோம்.

வண்டிப் படங்களை மூடி வைத்துவிட்டு நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். வழக்கம்போலக் கடைக்குப் போய்த் திரும்புங்கள். கையில் வண்டி இருந்திருந்தால் எந்தெந்த இடத்தில் அதைத் தூக்க வேண்டியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போங்கள். நிலைப்படி ஒன்று. வாசல் படி ஆறு. சாக்கடை மூடிய கல் ஒரு பக்கம் தூக்கி நிற்கிற இடம். மருந்துக்கடை மேடை. திரும்பும்போது மறுபடி அத்தனையும். என் பேத்தி கைப்பிள்ளையாக இருந்தபோது கோட்டையூரில் எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்கப் போய் வர எண்ணினேன், ஒன்பது இடம் வந்தது. அரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரம்.

வண்டி 6 கிலோ, உங்கள் மகன் 8 கிலோ. இப்போதே 14 ஆகிறது. ஒரு வயது தாண்டினால் 15, 16. அதனால் எந்த வண்டியானாலும் முதலில் எடையைப் பாருங்கள். 6 கிலோவைத் தாண்டியதை எடுக்காதீர்கள். எங்கள் பேத்திக்கு முதலில் வந்த வண்டி 11 கிலோ. பெரிய சக்கரம், பஞ்சு மெத்தை, தண்ணீர் பாட்டில் வைக்கத் தனி வளையம் எல்லாம் இருந்தது. வீட்டுக்குள் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் வாசலில் இறக்கி ஏற்ற ஓர் ஆள் வேண்டும். பத்து நாளில் இரண்டாங்கட்டுத் தூணோரம் ஒதுங்கிவிட்டது. மகள் மறுபடி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனாள். அதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவே இல்லை.

மடக்கு வண்டி என்கிற யோசனையே தூக்குகிற கஷ்டத்தில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ஓவன் மக்லாரன் என்று ஒரு விமானப் பொறியாளர். பிள்ளையையும் கனத்த வண்டியையும் வைத்துக்கொண்டு விமானப் பயணத்தில் மகள் பட்ட பாட்டைப் பார்த்து, 1965-இல் அலுமினியக் குழாயில் குடை மாதிரி மடங்குகிற வண்டியை வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்குள். இன்று கடையில் குடை மடிப்பு என்று விற்பதெல்லாம் அந்த வழியில் வந்தவை.

இனி அந்த ஆறு படி. பிள்ளையை உட்கார வைத்தபடியே வண்டியைத் தனியாளாகப் படியில் தூக்காதீர்கள். சேலைக் கொசுவம் ஒருமுறை காலில் மிதிபட்டால் போதும். பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டியை மடக்கி மறு கையில் தூக்கி இறங்க வேண்டும். பலகை போட்டுச் சரிவு செய்யலாமா என்று ஆசாரியைக் கேட்க நினைப்பீர்கள். ஆறு படி என்றால் மூன்றரை அடி உயரம் வரும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் பயமில்லாமல் தள்ளலாம். அப்படியென்றால் 42 அடிப் பலகை, தெருவையே அடைத்துவிடும்.

அதைவிட, உங்கள் வீட்டுக்குப் பின்வாசல் உண்டா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பல இந்தத் தெருவில் முகப்பு, அந்தத் தெருவில் பின்கட்டு என்று நீளமாகக் கட்டியவை. முகப்புதான் உயரம். கிணற்றடிப் பக்கம் அநேகமாக ஒரு படி, இரண்டு படியோடு தரைக்கு வந்துவிடும். நாங்கள் இரண்டாவது வண்டியைக் கிணற்றடி நிழலில் நிறுத்திய அன்றிலிருந்துதான் அது தினமும் வெளியே போக ஆரம்பித்தது. உங்களுக்கும் அப்படி ஒரு வாசல் இருந்தால் மாமியாரே பிள்ளையைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய் வரலாம், முழங்காலுக்குத் தொந்தரவில்லை. நிலைப்படி வந்தால் முன்னால் முட்டித் தள்ள வேண்டாம். வண்டியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் ஏறும்படி நம் பக்கம் இழுத்தால் தானாக ஏறிவிடும்.

5,000-க்குள் லேசானதாகக் கிடைப்பது பெரும்பாலும் குடை மடிப்பு. 4, 5 கிலோதான் இருக்கும். ஆனால் மடித்தால் நீளக் கம்பு மாதிரி ஆகும், தானாக நிற்காது, சாத்தித்தான் வைக்க வேண்டும். மடக்க இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும். இன்னொன்று, பெட்டி மாதிரி மூன்றாக மடங்குவது. 6 கிலோவை ஒட்டி இருக்கும், சிலவற்றை ஒரே கையால் மடக்கலாம், நிற்கும், பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொள்ளலாம். நான் விசாரித்த வரையில் 5,500-க்கு மேல்தான் தொடங்குகிறது. வாரா வாரம் தேவகோட்டை பஸ் ஏறுகிற உங்களுக்கு இதுதான் சரி. ஒரு கையில் பிள்ளை இருக்கும்போது மறு கையால் மடக்க முடிவது உங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! இரண்டு மாதம் பொறுத்து இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்க முடியுமானால் பொறுங்கள். முடியாதென்றால் குடை மடிப்பையே எடுங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. சாய்மானம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிள்ளை பாதி வழியில் தூங்கிவிடுவான். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் பிள்ளை உங்கள் மடியில்தான் இருக்க வேண்டும், வண்டி மடங்கியே இருக்கட்டும்.

சக்கரம் 5 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 6 இருந்தால் நல்லது. சின்னச் சக்கரம் சாக்கடைக்கல் இடுக்கில் சொருகிக்கொள்ளும். காற்றடைக்கிற டயர் சொகுசுதான், ஆனால் நம் ஊரில் ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேல முள். ரப்பரோ கெட்டிப் பஞ்சோ வைத்த சக்கரம் போதும். முன்சக்கரம் சுழலாமல் பூட்டுகிற வசதி இருந்தால் செம்மண், சரளை வருகிற இடத்தில் பூட்டிவிட்டுத் தள்ளுங்கள்.

பெல்ட் ஐந்து முனையாக இருக்க வேண்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவில் ஒன்று. இடுப்புக்கு மட்டும் உள்ளது வேண்டவே வேண்டாம், சறுக்கிக் கீழே வந்துவிடுவான். வெள்ளி அரைஞாண் போட்டிருந்தால் பெல்ட்டுக்கு அடியில் அழுத்துகிறதா என்று சட்டையைத் தூக்கிப் பாருங்கள். என் பேத்திக்கு அந்த இடத்தில் தோல் சிவந்து போனதைக் குளிப்பாட்டும்போதுதான் கண்டுபிடித்தோம். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு உட்கார வையுங்கள்.

இனி நான் சொல்லப் போவதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். கைப்பிடியில் பை மாட்டாதீர்கள். சந்தையிலிருந்து திரும்பும்போது நானே மாட்டினேன். இரண்டு கிலோ சின்ன வெங்காயம், முருங்கைக்காய், ஒரு பூசணிக் கீற்று. பிள்ளை உட்கார்ந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. நிழலில் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அவளைத் தூக்கினேன். தூக்கிய கையை நெஞ்சோடு சேர்ப்பதற்குள் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து மல்லாந்தது. வெங்காயம் தெரு முழுக்க உருண்டது. முன்னால் பிள்ளையின் எடை இருந்ததால்தான் அதுவரை நின்றிருக்கிறது. மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன், கால் நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரமானது. அவள் கொஞ்சம் எம்பிப் பின்னால் சாய்ந்திருந்தாலே அவளோடு சேர்ந்து விழுந்திருக்கும். லேசான வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். காய்கறி அடிக்கூடையில் போகட்டும். அது எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள், மிஞ்சியதை உங்கள் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். தினமும் கட்டுகிற சேலையோடு, தினமும் போடுகிற செருப்போடு போங்கள். பத்தடி தள்ளிப் பார்த்தால் கால் பின்சக்கரக் கம்பியில் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிரேக்கை விரலால் மேலே தூக்கி விடுவிக்கிற வண்டி, செருப்புக் காலுக்கு வலிக்கும். மிதித்தால் பிடிக்க, மறுபடி மிதித்தால் விட என்று இருப்பது நல்லது. மாமியாரையும் தள்ளச் சொல்லிப் பாருங்கள்.

வெயிலுக்கு ஒரு வார்த்தை. வண்டியில் பிள்ளை நம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. தார் ரோட்டு அனல் நம் முகத்துக்கு வருவதைவிட அதற்கு அதிகம். சித்திரை வைகாசியில் காலை 9 மணிக்குள், இல்லையென்றால் மாலை 5-க்கு மேல் போங்கள். வெயில் படுகிறதென்று துண்டைப் போட்டு வண்டியை முழுக்க மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று இன்னும் புழுங்கும். கூரை மட்டும் நன்றாக இழுத்துவிடுகிற மாதிரி, பின்பக்கம் வலை வைத்ததாகப் பாருங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் நாத்தனார், அவர் பிள்ளைகள் இருவர் பயன்படுத்திய ஸ்ட்ரோலரைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். பழையதை வாங்கலாமா? வேண்டாம் என்றால் மனம் நோகுமே.
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வண்டி இரண்டு மூன்று பிள்ளைக்கு வரும். ஆனால் பிள்ளையை உட்கார வைக்கும் முன் ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கு ஒதுக்குங்கள். விரித்துப் பூட்டிவிட்டு, கைப்பிடியை அழுத்தி நான்கு பக்கமும் ஆட்டுங்கள். பூட்டு தானாக விட்டால் அந்த வண்டி வேண்டாம், ஓடும்போது மடங்கிவிடும். பெல்ட்டின் கொக்கியைப் போட்டு முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். பத்து கிலோ அரிசிப் பையை உட்கார வைத்துச் சரிவான இடத்தில் பிரேக் போட்டு நிறுத்துங்கள். நகரக்கூடாது.

மடங்குகிற கீலில் விரலை விட்டுப் பார்க்கும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. இப்படிக் கீலில் மாட்டிப் பிள்ளைகளின் விரல் நுனி துண்டாகி, 2009-இல் அமெரிக்காவில் ஏறத்தாழப் பத்து லட்சம் குடை மடிப்பு வண்டிகளுக்குக் கீலை மூடும் உறை கொடுக்க வேண்டி வந்தது. நாத்தனார் வண்டியில் கீல் திறந்திருந்தால் கெட்டித் துணியில் உறை தைத்துக் கட்டுங்கள். விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளை வேறொருவர் கையில் இருக்கட்டும். மெத்தை உறையைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். நாத்தனாரிடம், வண்டியோடு வந்த குறிப்புப் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்பது அதில் இருக்கும். 15 கிலோ வரை என்றால் ஏறக்குறைய மூன்று வயது வரை ஓடும்.

கேள்வி: பேரனுக்கு 3 மாதம். 4,000 ரூபாயில் மடக்கு வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இப்போதே உட்கார வைக்கலாமா?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் அண்ணே. தலை நிற்காத பிள்ளையைச் சாய்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் நெருங்கிவிடும். சத்தமே இருக்காது, தூங்குகிறான் என்று நினைத்துவிடுவோம். முழுக்கத் தட்டையாகப் படுக்க வைக்கிற வண்டிகள் உண்டு, அவை கனமும் அதிகம், விலையும் அதிகம். நீங்கள் பார்த்த விலையில் வருவது பெரும்பாலும் 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு. அட்டைப் பெட்டியில் வயது போட்டிருக்கும், கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் அதைப் படியுங்கள்.

அதுவரை அந்த 4,000 பத்திரமாக இருக்கட்டும். பேரன் துணையில்லாமல் உட்கார ஆரம்பித்ததும் மறுபடி எழுதுங்கள். வாசலில் எத்தனை படி, பின்வாசல் எந்தத் தெருவில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.