ரேஷன் அரிசியில் மிதக்கும் மணிகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் குழந்தைகளின் இரத்தசோகையைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செறிவூட்டப்பட்ட, அதாவது வெளியிலிருந்து சத்துகள் சேர்க்கப்பட்ட, உணவுப் பொருள்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதும் அவற்றுக்கே.

*ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கின்றன. நிறமும் சற்று வேறாக இருக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவில் பொறுக்கி எறிகிறார்கள். எனக்கு நான்கு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நானும் எறிந்துவிடட்டுமா?*
– ஒரு தாய், தங்கச்சிமடம்

எறியாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்காகவே சேர்க்கப்பட்ட மணிகள் அவை.

அரிசியின் மேல் சத்துப் பொடியைத் தூவினால் முதல் களைச்சலிலேயே அது போய்விடும். அதனால் அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி 12 ஆகியவற்றை அதில் கலந்து, தண்ணீரும் சூடும் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதைப்போல இயந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவிலேயே நறுக்கிக் காயவைக்கிறார்கள். இந்த மணிகளை நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில், அதாவது கிலோவுக்குச் சுமார் பத்து கிராம், கலக்கிறார்கள். வயலில் விளைந்த மணிக்கும் மாவில் பிடித்த மணிக்கும் அடர்த்தி ஒன்றாக இராது. ஆகையால் சில மிதக்கும். நிறம் மாறியிருப்பதற்குச் சேர்த்த சத்துகளே காரணம்.

நானும் என் வீட்டுச் சுளகில் ரேஷன் அரிசியைப் பரப்பி, சந்தேகத்துக்குரிய பத்து மணிகளைப் பொறுக்கி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பார்த்தேன். விரலால் அழுத்தியதும் அவை மாவாகக் குழைந்தன. அடுத்து, காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டபோது கருநீலமாக மாறின; மாவுச்சத்து இருந்தால்தான் அந்த நிறம் வரும். பிளாஸ்டிக் ஊறவும் செய்யாது, குழையவும் செய்யாது. அண்டை வீட்டாரை நம்பவைக்க என் பதிலைக் காட்டுவதைவிட இந்தச் சோதனையை அவர்கள் கண்முன்னே செய்து காட்டுவது சுலபம்.

இரண்டு செய்திகளை மட்டும் மனத்தில் வையுங்கள். அரிசியை நாலைந்து தண்ணீர் மாற்றித் தேய்த்துக் களைய வேண்டாம். இரண்டு முறை அலசினால் போதும். அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குவது நல்லது. வடிப்பதுதான் வழக்கமென்றால் வடிகஞ்சியைக் கொட்டிவிடாமல் உப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுங்கள். பழையசோற்றுக்கும் இதுவே பொருந்தும்: நீராகாரத்தோடு கொடுங்கள்.

*எழுபத்தெட்டு வயதாகிறது எனக்கு. குதிரைவாலிச் சோறும் கைக்குத்தல் அரிசியும் கருப்பட்டியும் சாப்பிட்டு வளர்ந்தோம். அரிசிக்குள் மருந்து கலந்து கொடுக்கும் நிலை இப்போது ஏன் வந்தது?*
– ஒரு பெரியவர், கீழக்கரை

ஐயா, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. தவிட்டோடு சேர்ந்துதான் அரிசியின் பி வகை வைட்டமின்களும் தாது உப்புகளும் இருக்கின்றன. ஆலையில் வெள்ளைவெளேரென்று தீட்டும்போது அவற்றில் பெரும்பகுதி தவிட்டுக் கிடங்குக்குப் போய்விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். பி 1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுங்கலாக்கும் நம் வழக்கமும் இதே காரணத்தால் சிறப்புடையது: அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி 1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

ஆனால் பழைய காலத்தில் எல்லோருக்கும் எல்லாச் சத்தும் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். பிரசவத்தில் மாண்ட பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தம் குறைவாக இருந்தது என்று அப்போது யாரும் அளந்து பார்க்கவில்லை. இன்று அளக்கிறோம், தெரிகிறது. அரசுத் திட்டங்களில் வழங்கும் அரிசி முழுவதும் செறிவூட்டப்படும் என்று 2021ஆம் ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். முதலில் அங்கன்வாடிக்கும் பள்ளிச் சத்துணவுக்கும், அடுத்த கட்டத்தில் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று மத்திய அரசு பட்டியலிட்ட பின்தங்கிய மாவட்டங்கள் போன்றவற்றின் ரேஷன் கடைகளுக்கும் என்று திட்டமிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை நம் இராமநாதபுரமும் விருதுநகரும்தான். குதிரைவாலி இப்போதும் நம் மாவட்டத்தில் விளைகிறது. பேரப்பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் பொங்கிக் கொடுங்கள். அதற்கும் இந்த அரிசிக்கும் பகையில்லை.

*என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வீட்டில் ரேஷன் அரிசி, மதியம் சத்துணவு. இரும்பு அளவுக்கு மீறிப் போய்விடாதா?*
– ஒரு தந்தை, பாம்பன்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்தியாவில் செறிவூட்டிய அரிசி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும். ஏழு வயதுப் பெண் ஒருநாள் முழுவதும் 150 கிராம் அரிசியைச் சோறாக உண்பதாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து 4 முதல் 6 மில்லிகிராம் சேரும். பள்ளியில் தரும் இளஞ்சிவப்பு மாத்திரையில் 45 மில்லிகிராம் இரும்பு. வாரத்துக்கு ஒன்று என்பதால் நாளொன்றுக்கு ஆறரை மில்லிகிராமுக்குள்தான். இரண்டும் சேர்ந்து பத்திலிருந்து பதின்மூன்று. அவளுடைய வயதுக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் தினசரி அளவோ 15 மில்லிகிராம். கீரையிலும் பருப்பிலும் வருவதைச் சேர்த்தாலும் பயப்படும் இடத்துக்குப் போகாது.

எனினும் தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோயுள்ள பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையையோ இந்த அரிசியையோ தொடர வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், மகள் சாப்பிட்டு முடித்ததும் டீ கேட்டு அடம்பிடிக்கிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பைக் குடலில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். அதற்குப் பதிலாகச் சோற்றோடு பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம், ஒரு நெல்லிக்காய். வைட்டமின் சி சேர்ந்தால் அதே அரிசியின் இரும்பு கூடுதலாக உடம்பில் ஒட்டும்.

*உப்பளத்தில் வேலை செய்கிறோம். பாத்தியில் வாரிய கல்லுப்பையே சமையலுக்கு எடுத்துக்கொள்கிறோம். கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்குமே?*
– ஒரு தொழிலாளி, வாலிநோக்கம்

கடல் நீரில் அயோடின் உண்டு. ஆனால் உப்பாகக் காய்ந்து வரும்போது அதில் பெயரளவுக்குத்தான் மிஞ்சும். அதனால்தான் வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பது நாட்டில் 2006 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. உங்கள் ஊரிலேயே இயங்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் இரும்பும் அயோடினும் சேர்ந்த இருமுறை செறிவூட்டிய உப்பைத் தயாரிக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை வாங்கி மூடியுள்ள ஜாடியில் வையுங்கள். பாத்தி உப்பு கருவாடு போட இருக்கட்டும்.

*மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் சோறும் ரசமும்தான். செறிவூட்டிய அரிசி அந்த இரண்டு மாதத்துக்கும் மீனுக்கு ஈடாகுமா?*
– விசைப்படகுத் தொழிலாளி ஒருவரின் மனைவி, தொண்டி

ஈடாகாது. இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, உங்கள் பிள்ளைகளின் தட்டிலிருந்து புரதமும் பி 12, ஏ, டி வைட்டமின்களும் ஒருசேரக் குறைகின்றன. அரிசியில் சேர்த்திருக்கும் பி 12 கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம்தான். பிள்ளை சாப்பிடும் கால்படிக்கும் குறைவான அரிசியில் அது எவ்வளவு வரும்? ஏ வைட்டமினும் டி வைட்டமினும் ரேஷன் அரிசியில் சேர்க்கப்படுவதே இல்லை. 'சத்தரிசி' என்ற பெயரைக் கேட்டு எல்லாச் சத்தும் அதற்குள் இருப்பதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஏ, டி இரண்டும் எண்ணெயில் கரைபவை. ஆகவே அவற்றை எண்ணெயில்தான் சேர்க்கிறார்கள். ரேஷன் பாமாயில் பாக்கெட்டில் கூட்டல் குறியோடு 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து அச்சாகியிருந்தால் அது செறிவூட்டியது. வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தாலும், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் ஏ வைட்டமின் அழிந்துபோகும். வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் வைத்துக்கொள்வதைவிட, புது எண்ணெயில் ஒரு கரண்டி விட்டு முருங்கைக்கீரை வதக்குவது மேல். கீரையின் சத்து உடம்பில் சேரவும் அந்த எண்ணெய் வேண்டும்.

தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சூடையும் நெத்திலியும் கிடைத்தால், பெரிய மீனுக்குக் காத்திராமல் அவற்றையே வாங்குங்கள். நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கருவாட்டில் புரதமும் பி 12வும் இருக்கும், ஏ வைட்டமினோ வெயிலில் குறைந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது நன்றாக ஊறவைத்து உப்பை நீக்குங்கள். பள்ளி விடுமுறையும் அதே நாட்களில் வருவதால் சத்துணவு முட்டையும் நின்றுவிடுகிறது, ஆகவே வாரத்தில் மூன்று முட்டையாவது வீட்டில் கொடுக்கப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஏ வைட்டமின் திரவம் விட்டுப்போயிருக்கிறதா என்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். மாலையில் வெளிச்சம் மங்கியதும் கண் தெரியாமல் பிள்ளை தட்டுத்தடுமாறி நடந்தால், அது ஏ வைட்டமின் குறைவால் வரும் மாலைக்கண்ணாக இருக்கலாம்; ஒருநாள்கூடத் தாமதிக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

*தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் சத்துபானப் பொடியை வாங்கலாமா?*
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவிலும் வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்த்திருக்கிறார்கள். அதை முதலில் கஞ்சியாகவோ உருண்டையாகவோ பிள்ளைக்கே கொடுங்கள், ஆட்டுக்குட்டிக்குப் போட வேண்டாம். (சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.) பொடி டப்பாவைக் கையில் எடுப்பதற்கு முன் பின்புறத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று படியுங்கள், அந்த விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள்.